லைசன்ஸ் பூட்டிய ரவுட்டரைக் கழற்றிய கதை

எங்கள் நெட்வொர்க்கின் ட்ராஃபிக் வரைபடத்தில் தினமும் இரவு ஏழரை மணிக்கு ஒரே காட்சிதான். கோடு மெல்ல ஏறும், நொடிக்கு 1 ஜிகாபிட்டைத் தொடும், அப்புறம் அரிவாளால் சீவிவிட்டது போலத் தட்டையாகிவிடும். பத்தரை மணி வரை அந்தத் தட்டை அசையாது. வீடுகளில் படம் சுற்றும், வீடியோ அழைப்பு அறுந்து போகும், அலுவலக போன் அடித்துக்கொண்டே இருக்கும்.

நான் வேலை செய்வது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், சின்ன இன்டர்நெட் கம்பெனி ஒன்றில். இன ஒதுக்கல் காலத்தில், 1960களில், இந்தியர்களை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி இது. எங்கு பார்த்தாலும் மேடும் பள்ளமும். ஒரு மேட்டில் கம்பம் நட்டால் எதிர் மேட்டின் கூரைகளெல்லாம் நேராகத் தெரியும் என்பதால் வயர்லெஸ் இணைப்புக்கு நல்ல இடம். பேவியூ, ஹேவன்சைட், வெஸ்ட்கிளிஃப், மான்ட்ஃபோர்ட் எல்லாம் சேர்த்து 900 வீடுகள் எங்களிடம் இருக்கின்றன. முதலாளியை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயே பிறந்தவர். தமிழை அவருடைய ஆயாவிடம் கேட்டுக் கற்றவர், அதனால் அவர் தமிழில் ஒரு பழைய வாசம் இருக்கும். நான் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன். நெட்வொர்க் முழுக்க என் பொறுப்பு.

தட்டைக் கோட்டைப் பார்த்ததும் மேலே இணைப்பு தருகிறவர்கள் மேல்தான் முதலில் சந்தேகம். ஆனால் அந்த இணைப்பு 10 ஜிகாபிட். ஒரு நள்ளிரவு டேட்டா சென்டருக்குப் போய், எல்லா வீட்டு ட்ராஃபிக்கும் கடந்து போகும் எங்கள் ரவுட்டரைத் தவிர்த்துவிட்டு ஒரு மடிக்கணினியை நேராக ஃபைபரில் மாட்டி அளந்தேன். தாராளமாகப் போனது. அப்படியானால் அடைப்பு எங்கள் ரவுட்டரில்தான். ஆனால் நெரிசல் உச்சத்தில் இருக்கும்போதுகூட அதன் சிபியூ 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், எங்கே விழுகின்றன என்று எண்ணிக்கைகளை ஒவ்வொன்றாகத் தோண்டினேன். கடைசியில் ஒரு வரி கிடைத்தது. இந்தப் பெட்டிக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 1 ஜிகாபிட். அதற்கு மேல் வருவதைப் பெட்டியே கீழே போட்டுவிடும். இரும்புக்கு வலு இருக்கிறது, லைசன்ஸுக்குத்தான் இல்லை.

அந்த ரவுட்டர் யாருடைய தயாரிப்பு என்று எழுதப் போவதில்லை. இது ஒரு கம்பெனியின் குணம் அல்ல, துறையின் வழக்கம். சிஸ்கோவின் ஐஎஸ்ஆர் 4331 பெட்டி 100 மெகாபிட்டோடு வந்தது, லைசன்ஸ் சேர்த்தால் 300 கிடைத்தது. ஜூனிப்பரின் எம்எக்ஸ் 5, 10, 40, 80 என்ற நான்கு மாடல்களும் உள்ளே ஒரே ரவுட்டர்தான், எத்தனை போர்ட் திறக்கலாம் என்பதில்தான் வித்தியாசம். இதில் ஒரு நியாயமும் உண்டு. ஒரே பெட்டியைச் செய்து பல விலைக்கு விற்றால் சின்ன ஆள் குறைந்த காசில் தொடங்கலாம், வளர்ந்த பிறகு மீதியைக் கட்டலாம். புதிதாக, நேராக, கான்ட்ராக்டோடு வாங்குகிறவருக்கு அது சரியாகவே ஓடும்.

நாங்கள் அப்படி வாங்கவில்லை. 2019-இல் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. மேல் லைசன்ஸுக்கு விலை கேட்டபோதுதான் முழுக் கணக்கும் தெரிந்தது. அந்த சீரியல் எண் எங்கள் பேரில் பதிவாகவில்லை. பெட்டி கைமாறலாம், அதற்குள் இருக்கும் மென்பொருள் உரிமை கைமாறாது. ஆகவே முதலில் பெட்டியைப் பரிசோதிக்கக் கட்டணம், பிறகு அடிப்படை லைசன்ஸ் மறுபடி, அதன் மேல் வேக லைசன்ஸ், இவற்றோடு மூன்று வருட சப்போர்ட் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் இல்லாமல் மென்பொருள் அப்டேட்டைத் தரவிறக்கவும் முடியாது. வந்த விலைப்பட்டியலின் மொத்தத் தொகையில் இந்தப் பெட்டி போல நான்கு வாங்கலாம்.

அண்ணா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டி நம்ம காசுல வாங்கினது தம்பி. அது முழுசா ஓடுறதுக்கு இன்னொருத்தன்கிட்ட ஏன் கேக்கணும்?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனாலும் உடனே எதுவும் செய்யவில்லை. பெரிய பேர் உள்ள பெட்டியை விட்டுவிட எனக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கியது பனி.

2024 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை மாலை. ரவுட்டரின் பவர் சப்ளை செத்துப் போனது. இரண்டு பவர் சப்ளை உள்ள பெட்டிதான், ஆனால் ஒன்று ஏற்கெனவே போய்விட்டிருந்தது. விலையைப் பார்த்து மாற்றாமல் தள்ளிப்போட்டிருந்தோம், அது என் தவறு. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒருவரிடம் அதே மாடலுக்குப் பழைய பவர் சப்ளை இருந்தது. காலையில் அனுப்புகிறேன் என்றார். அந்த இரவில்தான் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது. வண்டிகள் இரவு முழுக்கப் பனியில் சிக்கி நின்றன. சாலை திறந்து, சனி ஞாயிறு போய், நடுவே செவ்வாய் 24-ஆம் தேதி மரபு தின விடுமுறையும் கழிந்து, பொருள் கைக்கு வந்தபோது புதன்கிழமை.

அதுவரை 900 வீடுகள் இருட்டில் இருக்க முடியாது. அலமாரியில் ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கி வைத்திருந்த மைக்ரோடிக் கம்பெனியின் ஆர்பி5009 ரவுட்டர் கிடந்தது. நோட்டுப் புத்தகம் அளவுப் பெட்டி, ஃபேன் கூடக் கிடையாது. கம்பெனி அப்போது சொன்ன விலை 219 டாலர். ஒரே ஒரு 10 ஜிகாபிட் போர்ட்தான், அதில் விஎல்ஏஎன் (ஒரே கம்பியைப் பல தனி இணைப்புகளாக்கும் முறை) பிரித்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கட்டினேன். மேலே இருப்பவரிடமிருந்து டீஃபால்ட் ரூட், அதாவது வேறு வழி தெரியாத எல்லாவற்றுக்கும் பொதுவான ஒற்றை வழி, மட்டும் வாங்கினேன், எங்கள் முகவரிகளை அறிவித்தேன். வெள்ளி நள்ளிரவுக்குள் எல்லா வீட்டுக்கும் இணைப்பு வந்துவிட்டது. ஐந்து நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு வரைபடத்தைத் திறந்தேன். கோடு 1 ஜிகாபிட்டைத் தாண்டி, வளைந்து, 1.4 வரை போய், மலை போல இறங்கியிருந்தது. எத்தனையோ மாதங்களாக அந்த உச்சியை நான் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தை அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். புதன்கிழமை பவர் சப்ளை வந்தபோது பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினோம், ஏனென்றால் 5009-இல் எல்லாமே ஒரே ஃபைபரை நம்பி இருந்தது. ஆனால் மனசு அன்றைக்கே மாறிவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தோம். சப்போர்ட் கான்ட்ராக்டுக்குக் கொடுக்கும் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? மென்பொருள் அப்டேட் கிடைக்கிறது. கெட்டுப்போனால் மாற்றுப் பெட்டி வருகிறது. சிக்கலில் மாட்டினால் போனில் ஒரு வல்லுநர் கிடைக்கிறார். இந்த மூன்றையும் வேறு வழியில் பெற முடியுமா என்பதுதான் கேள்வி. மாற்றுப் பெட்டி விஷயத்தில் எங்களுக்கு ஏற்கெனவே பாடம் கிடைத்துவிட்டது. மறுநாள் வந்துவிடும் என்று தாளில் எழுதியிருந்தாலும் கிடங்கு ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தால், நடுவில் மலையும் சாலையும் இருக்கின்றன. எங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டாவது பெட்டிக்கு நிகரான கான்ட்ராக்டை எந்தக் கம்பெனியாலும் தர முடியாது. ஆகவே எதை வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டு என்று முடிவு செய்தோம். மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வந்தன. இரண்டு வாங்கும்படியான விலை இருக்க வேண்டும், நள்ளிரவில் யாரையும் கேட்காமல் மென்பொருளைத் தரவிறக்க முடிய வேண்டும்.

பழைய பெரிய பெட்டியே இன்னொன்று வாங்கலாமா என்று பார்த்தோம். எம்எக்ஸ்80 போன்றவை இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பாக்கெட்டுகளைத் தள்ளுவதில் அது இன்றும் நல்ல பெட்டி. ஆனால் அதன் கட்டுப்பாட்டுச் சிபியூ பழையது, முழு பிஜிபி அட்டவணையை (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் உலக வழிகளின் பட்டியலை) வாங்கிச் செரிக்க நிறைய நேரம் எடுக்கும். மென்பொருளுக்குக் கான்ட்ராக்டும் வேண்டும். தப்பிக்க நினைத்த இடத்துக்கே திரும்ப வருவோம் என்று விட்டுவிட்டோம்.

சாதாரண சர்வரில் லினக்ஸ் போட்டு ரவுட்டராக ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. குவாக்கா என்ற பழைய ரவுட்டிங் மென்பொருளிலிருந்து 2017-இல் பிரிந்து வந்த எஃப்ஆர்ஆர் இருக்கிறது, செக் நாட்டு டொமைன் பதிவகம் வளர்க்கும் பேர்ட் இருக்கிறது. இரண்டுமே திறந்த மூலம், குறியீட்டை யாரும் எடுத்து மாற்றலாம். நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று சேரும் உலகத்தின் பெரிய இணைய மையங்கள் பலவற்றில், வழிகளைப் பரிமாறும் ரூட் சர்வராக (route server) பேர்ட் ஓடுகிறது. இவை இரண்டும் வேண்டாம், கட்டமைத்த ரவுட்டர் மாதிரியே வேண்டும் என்றால் வையோஸ். இதன் வரலாற்றை அண்ணாவுக்கு விலாவாரியாகச் சொன்னேன், ஏனென்றால் எங்கள் கேள்விக்கு அதில் நேரடியான பதில் இருக்கிறது. வையாட்டா என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருளை 2012-இல் புரோகேட் வாங்கியது. 2017-இல் அது ஏடி அண்ட் டி கைக்குப் போனது, 2021-இல் சியெனாவிடம். பழைய திறந்த மூலக் குறியீட்டை எடுத்து 2013-இல் சிலர் தனியாகத் தொடங்கிய கிளைதான் வையோஸ், அது இன்றும் ஓடுகிறது. கம்பெனி யார் கைக்குப் போனாலும், மூலம் திறந்திருந்தால் யாராவது எடுத்து நடத்த முடியும். வையோஸிலும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு சந்தா கட்டுகிறவர்களுக்குத்தான், தினமும் மாறும் பதிப்பு எல்லாருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஒரு பழைய சர்வரில் இன்டெல் எக்ஸ்520 நெட்வொர்க் அட்டை போட்டு ஒரு வாரம் ஓட்டியும் பார்த்தேன். முதல் நாளே எஸ்எஃப்பி, அதாவது ஃபைபரைச் சொருகும் சின்ன மாட்யூல், மாட்டியதும் அட்டை எழும்ப மறுத்தது. அந்த அட்டைக்கான லினக்ஸ் டிரைவர், அங்கீகாரம் இல்லாத எஸ்எஃப்பி-யை ஏற்காது. ஆனால் டிரைவருக்கு ஒரு அமைப்பைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். ஒரு வரி மாற்றினேன், விளக்கு பச்சையானது. யாருக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஆனாலும் சர்வரை விளிம்பு ரவுட்டராக, வெளி உலகத்தோடு எங்களை இணைக்கும் பெட்டியாக, வைக்கவில்லை. காரணம் நான்தான். லினக்ஸில் இந்த அளவு வேலை தெரிந்தவன் கம்பெனியில் நான் ஒருவன். மற்ற பையன்கள் கோபுரங்களில் மைக்ரோடிக்கை வருடக்கணக்கில் கையாண்டவர்கள், அதை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். நான் ஊருக்குப் போயிருக்கும் மாதத்தில் பெட்டி விழுந்தால் அவர்கள்தான் தூக்க வேண்டும். அந்த சர்வர் இப்போது கண்காணிப்பு மென்பொருளையும், பிஜிபி வழிகள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் ரூட்டினேட்டரையும் ஓட்டுகிறது.

கடைசியில் வாங்கியது மைக்ரோடிக் சிசிஆர்2116, இரண்டு. 16 கோர் ஆர்ம் சிபியூ, 16 ஜிபி நினைவகம், நான்கு 10 ஜிகாபிட் போர்ட், இரண்டு பவர் சப்ளை. கம்பெனி அப்போது சொன்ன விலை 995 டாலர். டாலருக்கு 18 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) வைத்து, 15 சதவீத வாட் வரி சேர்த்தால், ஒன்று இருபதாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் மேலே. மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் லைசன்ஸ் பெட்டியோடேயே வருகிறது. காலாவதி இல்லை, வேக வரம்பு இல்லை, அப்டேட்டுக்குக் காசு இல்லை. கணினியில் மெய்நிகராக ஓட்டும் சிஹெச்ஆர் பதிப்புக்குத்தான் வேகத்தைப் பொறுத்து லைசன்ஸ், அதையும் ஒரே முறை கட்டினால் போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர்ஓஎஸ் இலவச அப்டேட் தரும் மென்பொருள், திறந்த மூலம் அல்ல. நாளை லாத்வியக் கம்பெனியான மைக்ரோடிக் மனசு மாறினால் என்னால் தடுக்க முடியாது. அதனால்தான் லினக்ஸ் கான்ஃபிக்கை (அமைப்பு விவரங்களை) இன்னும் அழிக்காமல், சர்வரில் தயாராக வைத்திருக்கிறேன்.

பெட்டிகள் வருவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்திருந்தோம். இந்தப் பதிவைப் படிக்கும் சின்னக் கம்பெனிக்காரர்கள் இதை மட்டுமாவது யோசித்துப் பார்க்க வேண்டும். முழு பிஜிபி அட்டவணை நமக்கு உண்மையில் வேண்டுமா? 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்த அட்டவணையில் ஐபிவி4 முகவரிகளுக்கான வழிகள் 5,12,000-ஐத் தாண்டியபோது, அதற்கு மேல் இடம் இல்லாத பழைய ரவுட்டர்கள் பல நாடுகளில் தடுமாறின. இன்று அது பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இதைத் தாங்கும் பெட்டிதான் வேண்டும் என்று எண்ணித்தான் பலரும் பெரிய விலைக்குப் போகிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எண்ணினேன்.

ஆனால் எங்கள் ட்ராஃபிக் எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது? வீடுகள் கேட்பது பெரும்பாலும் வீடியோ, சமூக ஊடகம், மென்பொருள் அப்டேட். டர்பன் டேட்டா சென்டரில் நாப்ஆப்பிரிக்கா இணைய மையம் இருக்கிறது, அங்கே பியரிங், அதாவது நெட்வொர்க்குகள் நேரடியாக ட்ராஃபிக் மாற்றிக்கொள்வது, இலவசம். பெரிய உள்ளடக்கக் கம்பெனிகள் அந்த மையத்திலேயே கிடைக்கிறார்கள். எங்கள் ட்ராஃபிக்கில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடுகிறது. மீதிக்கு இரண்டு பேரிடமிருந்து டீஃபால்ட் ரூட் வாங்கினால் போதும். இன்னொன்றும் உண்டு. வீடுகளுக்கு இணைப்பு தரும் எங்களைப் போன்றவர்களுக்கு வருவதுதான் அதிகம், போவது குறைவு. முழு அட்டவணை போகும் வழியைத்தான் தேர்ந்தெடுக்க உதவும். வரும் வழியைத் தீர்மானிப்பது நாம் வெளியே என்ன அறிவிக்கிறோம் என்பது. அது புரிந்ததும், பத்து லட்ச வழிகளைச் சுமக்கும் தேவையே போய்விட்டது.

இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று அலுவலக மேசையில் ஒரு பெட்டிக்கு முழு அட்டவணையை ஊட்டினேன். பழைய ரவுட்டர்ஓஎஸ் 6-இல் பிஜிபி ஒரே கோரில் ஓடும். 36 கோர் இருக்கும் பெட்டியில்கூட 35 கோர் சும்மா நிற்க, நிமிடக் கணக்கில் காத்திருப்போம். 7-ஆம் பதிப்பில் பிஜிபியை முழுக்கத் திருப்பி எழுதியிருக்கிறார்கள், வேலை பல கோர்களில் பிரிகிறது. இந்த முறை டீ ஆறுவதற்குள் அட்டவணை முழுக்க உள்ளே வந்துவிட்டது. தேவைப்பட்டால் அந்த வழியும் இருக்கிறது என்று நிம்மதி.

எஸ்எஃப்பி விஷயமும் இனித்தது. பழைய பெட்டி தன் கம்பெனியின் பேர் போட்ட எஸ்எஃப்பி-யைத் தவிர வேறு எதையும் தொடாது. நான் வாங்கி வைத்திருந்த பேரில்லாத 10 ஜிகாபிட் எஸ்எஃப்பி-யைப் புதுப் பெட்டியில் சொருகினேன். உள்ளே வரும் ஒளியின் அளவு, வெப்பநிலை எல்லாம் திரையில் வந்தன. மின்சாரத்தையும் பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்து அளந்தேன். பழையது 200 வாட்டுக்கு மேல் எடுத்தது, புதியது அதில் பாதிகூட இல்லை. 2023-இல் லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போன நாட்டில், பேட்டரியை நம்பி வாழ்ந்த எங்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

மாற்றும் நாளை நவம்பரில் வைக்கலாம் என்றேன். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "மெட்ரிக் பரீச்சை நடக்குது தம்பி. புள்ளைங்க படிக்குதுங்க. பரீச்சை முடியட்டும்." சரிதான். டிசம்பர் 3, செவ்வாய், அதிகாலை ஒரு மணிக்கு வைத்தோம். வெள்ளிக்கிழமையில் எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பழைய கான்ஃபிக்கை இயந்திரம் கொண்டு மொழிமாற்றவில்லை. ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டு, கையால் தாளில் எழுதி, பிறகு புதிதாக அடித்தேன். பாதி வரிகள் யாரோ எப்போதோ போட்டு மறந்தவை.

அன்றிரவு கேபிள்களை மாற்றியதும் பிஜிபி அமர்வுகள் எழும்பின. வெளியே பாக்கெட் போகிறது, திரும்ப எதுவும் வரவில்லை. மேலே இருப்பவரின் லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரவுட்டருக்குத் தெரியும் வழிகளைக் காட்டும் பக்கத்தில்) தேடினால் எங்கள் முகவரித் தொகுதி உலகத்திலேயே இல்லை. இருபது நிமிடம் வியர்த்துவிட்டது. ரவுட்டர்ஓஎஸ் 7-இல் அறிவிக்க வேண்டிய தொகுதியை ஒரு முகவரிப் பட்டியலில் எழுதினால் மட்டும் போதாது, அந்தத் தொகுதிக்கு அதே அளவில் ஒரு வழி அட்டவணையில் இருக்க வேண்டும். என்னிடம் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வழிகள் இருந்தன. முழுத் தொகுதிக்கும் ஒரு பிளாக்ஹோல் ரூட், அதாவது எங்கும் போகாத பெயரளவு வழி, போட்டேன். அரை நிமிடத்தில் உலகம் எங்களைப் பார்த்தது. எந்த வழிகளை ஏற்பது என்று சொல்லும் ஃபில்டரிலும் கவனம் வேண்டும். 7-இல் ஒரு ஃபில்டர் சங்கிலியைச் சொல்லிவிட்டால், அதில் ஏற்றுக்கொள் என்று எழுதாத எல்லாமே தள்ளுபடிதான். அது நல்ல வழக்கம், ஆனால் 6-இலிருந்து வருகிறவர் முதலில் தடுக்கி விழுவார்.

இன்னொரு சறுக்கல் இரண்டு வாரம் கழித்து. பேவியூ வீடுகள் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ-யையும் இந்தப் பெட்டிக்கே கொண்டுவந்தேன். சிபியூ சுமை குறையட்டும் என்று ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்கு வழியைப் போட்டேன். ஃபாஸ்ட்ட்ராக்கில் போகும் இணைப்புகள், ஒவ்வொரு வீட்டின் வேகத்தையும் கட்டுப்படுத்தும் சிம்பிள் கியூவைத் தொடாமலே தாண்டிவிடும். 20 மெகாபிட் கட்டுகிற வீட்டுக்கு வயர்லெஸ் தாங்கும் வரை மொத்தமும் போனது, ஒரே கோபுரத்தில் மற்றவர்கள் மூச்சுத் திணறினார்கள். பிபிபிஓஇ வீடுகளை ஃபாஸ்ட்ட்ராக்கிலிருந்து விலக்கியதும் சரியானது. சிபியூவுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, தேவையில்லாத அவசரம் என்னுடையது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. அப்டேட் இலவசம் என்பதால் மட்டும் யாரும் பத்திரமாகிவிடுவதில்லை. 2018-இல் வின்பாக்ஸில் இருந்த ஓட்டைக்கு ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது, ஆனால் மாதக்கணக்கில் ஏற்றாமல் விட்ட ரவுட்டர்கள் உலகெங்கும் லட்சக்கணக்கில் திருடர் கையில் சிக்கின. எங்கள் பெட்டிக்குள் நுழையும் வழிகளில் டெல்நெட், எஃப்டிபி, வெப், ஏபிஐ எல்லாம் மூடியாயிற்று. வின்பாக்ஸும் எஸ்எஸ்ஹெச்சும் எங்கள் நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து மட்டும். புதுப் பதிப்பு வந்தால் முதலில் அலமாரிப் பெட்டியில் ஏற்றி ஒரு வாரம் ஓட விடுகிறோம், பிறகுதான் டேட்டா சென்டரில். ரவுட்டர்ஓஎஸ் ஏற்றிய பிறகு, பெட்டியைத் துவக்கும் சின்ன மென்பொருளான ரவுட்டர்பூட்டையும் தனியாக ஏற்றி, இன்னொரு முறை ரீபூட் செய்ய வேண்டும், இதைப் பலர் மறக்கிறார்கள்.

போனில் வல்லுநர் என்ற மூன்றாவது விஷயத்தை நாங்கள் இழந்தோம், அதை மறைக்கவில்லை. விலைப்பட்டியலில் இருந்த தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஒரு மைக்ரோடிக் ஆலோசகரோடு பேசி வைத்திருக்கிறோம். இதுவரை ஒரே ஒரு முறை கூப்பிட்டோம். மருத்துவமனை, வங்கி போல ஒரு நிமிடமும் நிற்கக் கூடாத இடம் என்றால் நான் கான்ட்ராக்டையும் வாங்கு, இரண்டாவது பெட்டியையும் வாங்கு என்பேன்.

பழைய ரவுட்டரை வாங்க ஒருவர் வந்தார். லைசன்ஸ் உங்கள் பேருக்கு மாறாது, அப்டேட்டும் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் யோசித்துவிட்டு உதிரிப் பாகத்துக்காக மட்டும், மிகக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது பெட்டி எங்கள் அலுவலக அலமாரியில் மின்சாரத்தோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு இரவும் முதல் பெட்டியின் கான்ஃபிக் எழுத்து வடிவில் வெளியேறி சர்வரில் சேர்கிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. 7-இல் ஏற்றுமதி செய்யும்போது கடவுச்சொற்கள் தானாகவே விடுபடும், அவையும் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் சேர்த்த பேக்கப் எல்லாவற்றிலும் பிஜிபி கடவுச்சொல்லும் இல்லை, பிபிபிஓஇ கடவுச்சொற்களும் இல்லை. தற்செயலாகத் திறந்து பார்த்ததால் தெரிந்தது. இருமக் கோப்பாக எடுக்கும் பேக்கப் அதே பெட்டிக்கானது, வேறு பெட்டியில் ஏற்ற அதை நம்பக் கூடாது.

போன மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை ஒத்திகை பார்த்தோம். கேபிளைத் தொட்டது நான் இல்லை, அண்ணா. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அலமாரிப் பெட்டியைக் காரில் டேட்டா சென்டர் இருக்கும் ரிவர்ஹார்ஸ் வேலி பகுதிக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்துப் படித்து, கான்ஃபிக்கை ஏற்றி, ஃபைபர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். ராக்கில் கை வைத்ததிலிருந்து முதல் வீடு ஆன்லைனுக்கு வரும் வரை 14 நிமிடம். மூன்றாவது ஃபைபரின் லேபிளும் தாளில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை, அங்கேதான் நான்கு நிமிடம் போனது. பேனாவை வாங்கி அவரே திருத்தி எழுதினார்.